நேரில் பார்த்தது

செப்டம்பர் 8, திங்கள்

மழை 0.0 மி.மீ. காலை எட்டரைக்குப் பார்த்தது.

ஓய்வு பெற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் ஆன பிறகும் வீட்டு முற்றத்தில் ஒரு மழைமானியை வைத்துக்கொண்டு தினமும் அளவு எழுதுகிறவனுக்கு, எழுபத்தொரு வயதில் மறுபடி ஓர் அலுவலக நாற்காலி கிடைத்திருக்கிறது. மாவட்ட வெள்ள முன்னறிவிப்பு மையத்தில் நான்கு மாதத் தற்காலிகப் பணி. பழைய ஆற்றுநீர்மட்டப் பதிவேடுகளைப் பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும் போலிருக்கிறது.

மையத்தின் பொறியாளர் நிலோஃபர் என்ற பெண். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. நாற்பது வருடத்து மழையையும் ஆற்றையும் கணினிக்குக் கற்றுக்கொடுத்திருப்பதாகச் சொன்னார். மலையில் இவ்வளவு மழை பெய்தால் ஆலங்கரையில் ஆறு எத்தனை மணிக்கு எவ்வளவு ஏறும் என்று அது சொல்லுமாம். அலுவலகத்தில் அதற்கு மாடல் என்று பெயர். "அது மணியைச் சொல்லும் சார். ஜனங்களை எப்ப வெளியேத்தணும்னு முடிவெடுக்கிறது நாமதான்" என்றார்.

எனக்குக் கொடுத்த படிவத்தில் ஒவ்வொரு அளவுக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: நேரில் பார்த்தது, பிறர் சொன்னது, ஊகம். அளவு இல்லாத இடத்தை அப்படியே காலியாக விட்டுவிட வேண்டும். காலி இடத்தை மாடல் சமாளித்துக்கொள்ளும், இட்டுக்கட்டியதைத்தான் அதனால் கண்டுபிடிக்க முடியாது என்றார்.

நல்ல ஏற்பாடு என்றேன். 1981 முதல் 2012 வரை ஆலங்கரைப் பதிவேடுகள் பெரும்பாலும் என் கையெழுத்தில்தான் இருக்கின்றன.

செப்டம்பர் 10, புதன்

மழை 0.0. மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை. பக்கத்து வீட்டில் இரண்டு குடம் வாங்கினேன். இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது, நாளை வாங்க வேண்டும்.

செப்டம்பர் 19, வெள்ளி

மழை 0.0.

1984இல் நான் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோது எனக்குப் பதிலாக வந்தவர், எட்டு நாளைக்குத் தொடர்ந்து 1.85 என்றே எழுதி வைத்திருக்கிறார். மழை பெய்த எட்டு நாள். ஆறு என்ன, சுவரில் வரைந்த படமா. எட்டுக்கும் 'ஊகம்' என்று குறித்தேன். இந்த வாரத்தில் இப்படி அறுபத்து மூன்று. நிலோஃபர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "சார் கண்ணுல எதுவும் தப்பாது போல" என்றார். கூச்சமாக இருந்தது.

1988 முடிந்தது. 1990 எடுத்தேன். வரிசைப்படி 1989 வந்திருக்க வேண்டும். அதன் அட்டை கிழிந்திருந்தது, ஒட்டிவிட்டுப் பார்க்கலாம் என்று தனியே வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மழை 0.0.

கோவிலுக்குப் போனேன். எங்கள் ஆராதனையில் பாவ அறிக்கையைச் சபை முழுவதும் ஒரே குரலில் சொல்வோம். சின்ன வயதிலிருந்தே எனக்குப் பிடித்த பகுதி அது. இருநூறு பேர் சேர்ந்து சொல்லும்போது யாருடைய பாவம் எது என்று தெரிவதில்லை.

மதியம் ரசமும் அப்பளமும். அப்பளம் கருகிவிட்டது.

அக்டோபர் 6, திங்கள்

மழை 2.4.

1989 முடிந்தது. நவம்பர் 11 உட்பட. எல்லாம் 'நேரில் பார்த்தது'.

அக்டோபர் 16, வியாழன்

மழை 11.0.

சாயங்காலம் சுடலைமுத்து வந்திருந்தார். அளவு நிலையத்தில் எனக்குக் கீழே இருபத்தைந்து வருடம் கலாசியாக இருந்தவர். அளவுகோலில் படிந்த பாசியைத் தேய்ப்பது, வெள்ளக் காலத்தில் காவல் இருப்பது எல்லாம் அவர்தான். என்னைவிட மூன்று வயது இளையவர். எழுதப் படிக்கத் தெரியாது. இப்போது குடியிருப்பது அதே படித்துறைக்கு மேலே துறையடித் தெருவில். அந்தத் தெரு பிற்பாடு வந்தது. நாங்கள் வேலை பார்த்த காலத்தில் அங்கே கோரைப் புல்லும் கழுதைகளும்தான்.

ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டுவந்திருந்தார். நான் மறுபடி வேலைக்குப் போவது தெருவுக்கே தெரிந்துவிட்டதாம். கம்ப்யூட்டருக்கு ஆற்றில் கால் நனைத்த பழக்கம் உண்டா என்று கேட்டார். எனக்கு மட்டும் எங்கே உண்டு என்றேன். "அது சரிதான். அய்யா மேப்படியில நின்னு கொக்கு மாதிரி கழுத்தை நீட்டித்தான பாப்பிய" என்று சிரித்தார். எனக்கு நீச்சல் தெரியாது. அது அவருக்கு நாற்பது வருடத்து நகைச்சுவை.

போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"நம்ம பாப்பா பொறந்த அன்னைக்கு நான் ஒரு படிக் கணக்கு சொன்னேம்லா. அதையும் கம்ப்யூட்டருக்குக் குடுத்தாச்சா அய்யா?"

எல்லாம் கொடுத்தாயிற்று என்றேன்.

"அதானே. பேரப்பிள்ளைய கிட்ட அடிக்கடி சொல்லுவேன். கைநாட்டு வைக்கிறவன் கணக்கும் சர்க்கார் புஸ்தகத்துல கெடக்குலேன்னு."

முருங்கை எந்த மரத்தில் காய்த்தது என்று கேட்டேன். வீட்டுக்குப் பின்னால் நிற்கிற மரம் என்றார்.

அக்டோபர் 27, திங்கள்

மழை 6.2.

இன்று மாடலை ஓடவிட்டுக் காட்டினார்கள். ஆலங்கரைக்குத் தண்ணீர் இரண்டு வழியாக வருகிறது. மலையிலிருந்து பெரிய ஆறு. தெற்கேயிருந்து உப்போடை. இரண்டிலும் ஒரே நேரத்தில் பெருமழை பெய்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்த ஊருக்கு முக்கியமான கேள்வி. நாற்பது வருடத்தில் அப்படி நடந்தது ஒரே ஒரு முறை. நிலோஃபர் அந்த நாளின் நீர்மட்டக் கோட்டைத் திரையில் கொண்டுவந்தார். 1989 நவம்பர் 11. காலையிலிருந்து மாலை வரை மணிக்குப் பத்துச் சென்டிமீட்டராக ஏறுகிறது, பொறுமையாக.

"மத்த வெள்ளமெல்லாம் பல்லு போன சீப்பு சார், நடுநடுவுல அளவே இருக்காது. இது ஒண்ணுதான் முழுசா இருக்கு. அதனாலதான் மாடல் இதை ரொம்ப நம்புது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்த நாள் ஞாபகம் இருக்கா சார்?" என்று கேட்டார்.

அன்றுதான் என் மகள் பிறந்தாள் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கேட்கட்டும் என்றுகூட இருக்கலாம்.

"பிள்ளை பொறந்த அன்னைக்குமா ஆத்தங்கரையில நின்னீங்க?"

நான் தலையை ஆட்டினேன். ஆம் என்றா, இல்லை என்றா என்று எனக்கே நிச்சயமில்லை. அடுத்த மேசையிலிருந்த இரண்டு பேரிடம் அவர் அதைச் சொன்னார். அந்தக் காலத்து ஆட்கள் அப்படித்தான் என்று ஒருவர் சொன்னார். எனக்குத் தேநீர் வரவழைத்தார்கள்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை 18.6.

ஜெமிமாவுக்கு இன்று முப்பத்தாறு. காலையில் நான்தான் கோயம்புத்தூருக்குப் போன் செய்தேன். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள். "அம்மா இருந்தா இந்நேரம் அந்தக் கதையைத் தொடங்கியிருப்பா. வெளியே வெள்ளம், நான் கத்துறேன், உங்கப்பா காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் அந்த மிஷன் ஆஸ்பத்திரி பெஞ்சுல அசையாம உக்காந்திருந்தார்னு" என்றாள். லில்லி போய் ஆறு வருடம் ஆகிறது. அந்தக் கதையை அவள் பெருமையாகத்தான் சொல்வாள்.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிப்பதில்லை.

அன்று காலை ஆறு மணி அளவு நான் பார்த்தது. பிறகு லில்லிக்கு வலி கண்டுவிட்டது. ஏற்கெனவே ஒரு பிள்ளை வயிற்றிலேயே போயிருந்தது. நீங்க போங்கய்யா, ஆத்தை நான் பாத்துக்கிடுதேன் என்று சுடலைமுத்து சொன்னார். மாலை ஏழு மணி அளவு மறுபடி நான் பார்த்தது. இடையில் ஏழு முதல் ஆறு வரை பன்னிரண்டு அளவுகள் இல்லை.

திரும்பி வந்ததும் அவர் கணக்கைச் சொன்னார். பதினோரு மணி வரைக்கும் ஆறு அப்படியே கிடந்தது. பதினொன்றுக்கு எட்டுப் படி வெளியே தெரிந்தது. பன்னிரண்டுக்கு இரண்டே படி. அதன் பிறகு ஏறவில்லை. ஒரு மணி நேரத்தில் ஆறு படி என்பது ஒன்றேகால் மீட்டர்.

நான் நம்பவில்லை என்று சொல்ல முடியாது. அவர் பொய் சொல்லமாட்டார். ஆனால் படிக்காத ஒருவர் எண்ணிய படிகளை மேலதிகாரிக்கு எப்படி எழுதுவது, அப்போது நீ எங்கே போனாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்று பயந்தேன். காலை அளவுக்கும் மாலை அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சமமாகப் பங்கிட்டுப் பன்னிரண்டு கட்டங்களிலும் நிரப்பினேன். ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று சில இடங்களில் 0.09, சில இடங்களில் 0.11.

விடுப்பு விண்ணப்பம் கொடுத்து, 'பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தால் ஒரு விளக்கக் கடிதத்தோடு போயிருக்கும். இரண்டு நாளில் வெள்ளம் வடிந்தது. வயல்கள் தவிர யாருக்கும் சேதமில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை.

நாளைக்கு நிலோஃபரிடம் சொல்லிவிட வேண்டும்.

நவம்பர் 12, புதன்

மழை 4.0. நிலோஃபர் ஆய்வுக் கூட்டத்துக்காக வெளியூர் போயிருந்தார்.

நவம்பர் 13, வியாழன்

மழை 0.8. வந்துவிட்டார். ஆனால் களைப்பாகத் தெரிந்தார்.

நவம்பர் 20, வியாழன்

மழை 27.4.

ஒரு கடிதம் எழுதி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். பத்து வரிதான்.

அங்கே வேறொரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாடல் சொல்வதை அப்படியே மக்களின் கைபேசிக்கு அனுப்பிவிடலாமே, நடுவில் ஆள் எதற்கு என்று மேலதிகாரி ஒருவர் கேட்டிருக்கிறார். நிலோஃபர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த அதிகாரி போன பிறகு என்னிடம் வந்து, "தப்பாப் போனா மெஷின் வந்து பதில் சொல்லுமா சார்? கீழே ஒரு மனுஷன் பேர் இருக்கணும்" என்றார். மாடலை நடைமுறைக்குக் கொண்டுவரும் ஒப்புதல் தாளைக் காட்டினார், அதில் இரண்டு பெயர்கள் இருந்தன. முடிவெடுப்பவர் என்று அவர் பெயர். பழைய அளவுகள் சரிபார்க்கப்பட்டன என்பதற்கு என் பெயர்.

"நீங்க போட்டா எனக்குத் தைரியம் சார்."

பேனாவை நீட்டினார். கையெழுத்துப் போட்டுவிட்டு, ஞாபகமில்லாமல் அவர் பேனாவை என் சட்டைப் பையில் சொருகும்போது உள்ளிருந்த கடிதம் விரலில் பட்டது.

சட்டையை ஊறவைக்கும் முன் அதை எடுத்துவிட்டேன்.

டிசம்பர் 3, புதன்

மழை 54.2. மலையில் இரண்டு நாளாகக் கனமழை. உப்போடைப் பக்கமும் கறுத்துக் கிடக்கிறது. எல்லாரையும் நாளை ஏழு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள்.

டிசம்பர் 4, வியாழன்

மழை 142.0. ஆறு மணிக்கே பார்த்தது, எட்டரைக்கு அல்ல.

நடந்ததை மணிப்படி எழுதுகிறேன். வேறு விதமாக எழுத எனக்கு வராது.

7.40. மாடல் கணக்கிட்டுச் சொன்னது: துறையடித் தெருவுக்குத் தண்ணீர் வருவது மாலை ஐந்து மணிக்கு. நம்பகத்தன்மை தொண்ணூற்றொரு சதவீதம். நிலோஃபர் அதிலிருந்து மூன்று மணி நேரம் முன்னதாக வைத்து, இரண்டு மணிக்குள் தெருவைக் காலி செய்ய உத்தரவு எழுதினார். பேருந்துகள் ஒரு மணிக்கு. அவர் அளவில் அது போதுமான எச்சரிக்கைதான்.

8.15. சுடலைமுத்து போன் செய்தார். தெருவில் அறிவிப்பு வந்ததாம். இப்பவே கிளம்பணுமா, கஞ்சி குடித்துவிட்டுக் கிளம்பலாமா என்று கேட்டார். ஐந்து மணி வரை பயமில்லை என்றேன். "அய்யா சொன்னா சரி" என்றார். இதை நான் சொன்னேன். மாடல் சொல்லவில்லை. நிலோஃபரும் சொல்லவில்லை.

10.20. மறுபடி அவர். பின்னால் ஆற்றின் இரைச்சல்.

"அய்யா, நான் படித்துறையிலதான் நிக்கேன். பத்து மணிக்கு எட்டுப் படி வெளிய கெடந்துது. இப்ப ஆறுதான் தெரியுது. அன்னைக்கு மாதிரியே வருதுய்யா."

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன்.

இருபது நிமிடத்தில் இரண்டு படி. மீதி ஆறு படிக்கு ஒரு மணி நேரம். 11.20க்குத் தண்ணீர் தெருவில் இருக்கும். இந்தக் கணக்கைப் போட எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

10.21 முதல் 10.40 வரை: குடித்த தேநீர் டம்ளரைக் கழுவினேன். கழிவறைக்குப் போனேன். திரையில் அந்த நாளின் கோட்டை ஒரு முறை பார்த்தேன். நிலோஃபர் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். முடிக்கட்டும் என்று காத்து நின்றேன். அவர் முடித்தார். இன்னொரு போன் வந்தது. மறுபடி காத்து நின்றேன்.

10.41. சொன்னேன்.

"அம்மா, எண்பத்தொன்பது வெள்ளத்தை நான் பார்க்கவில்லை. அந்தப் பன்னிரண்டும் நான் போட்டது."

அவருக்கு முதலில் புரியவில்லை. எந்தப் பன்னிரண்டு என்று கேட்டார். திரையைக் காட்டினேன். ஆஸ்பத்திரியில் இருந்தேன், ஆறு ஒரு மணி நேரத்தில் ஏறியது, பார்த்தவர் இப்போது படித்துறையில் நிற்கிறார், அதேபோல வருகிறது என்கிறார் என்றேன். அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அதற்குக்கூட அவர் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. மாடலின் கணக்கை நிறுத்திவைத்து, தெருவை உடனே காலி செய்யச் சொல்லித் தீயணைப்புக்கும் காவல் நிலையத்துக்கும் பேசினார். "அவருக்கு நீங்க போன் போடுங்க சார்" என்றார்.

10.46. சுடலைமுத்துவிடம் சொன்னேன். எல்லாரையும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லும், இப்போதே, நீரும் போம் என்றேன்.

"எழுதிக்கிட்டியளா அய்யா?" என்று கேட்டார்.

எழுதிக்கொண்டேன் என்றேன். இந்த முறை அது உண்மை. கையில் பேனா இருந்தது.

11.25. தெருவில் தண்ணீர்.

12.30. மேட்டுப் பள்ளிக்கூடத்தில் எண்ணினார்கள். தெருவில் நூற்று நாற்பத்திரண்டு பேர். வந்திருப்பது நூற்று நாற்பத்தொன்று. மறுபடி எண்ணச் சொன்னார் நிலோஃபர். மறுபடியும் நூற்று நாற்பத்தொன்று.

டிசம்பர் 5, வெள்ளி

மழை 61.0.

சுடலைமுத்து வீடு வீடாகக் கதவைத் தட்டியிருக்கிறார். மேலக் கோடியிலிருந்து தொடங்கிக் கீழக் கோடி வரை. தெருவில் முப்பத்தெட்டு வீடு. முப்பத்தேழு வரைக்கும் தட்டியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். முப்பத்தெட்டாவது வீட்டுக்காரர்கள் காலையிலேயே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். அது அவருக்குத் தெரியாது.

டிசம்பர் 6, சனி

மழை 9.4. கிடைத்துவிட்டார். நாலு கிலோமீட்டர் கீழே, நாணலில்.

டிசம்பர் 7, ஞாயிறு

மழை 0.0. கோவிலுக்குப் போகவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

மழை 0.0.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்திருந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கணிப்பில் தொழில்நுட்பக் கோளாறு என்று எழுதி முடித்துவிடலாம், யாருக்கும் பாதகமில்லை, சாருக்கும் வயதாகிவிட்டது என்றார். அந்தச் சொல் ஒரு போர்வை மாதிரி என் மேல் விழுந்தது. கதகதப்பாகக்கூட இருந்தது என்று எழுதியாக வேண்டும்.

நிலோஃபர்தான் பேசினார். "மெஷின் மேல போட்டா அந்தப் பன்னிரண்டும் உள்ளேயே இருக்கும் சார். அடுத்த மழைக்கு அது மறுபடி அஞ்சு மணின்னு சொல்லும்." தன் மீதும் தவறு உண்டு, அவ்வளவு ஒழுங்காக இருந்த கோட்டைச் சந்தேகித்திருக்க வேண்டும், ஒரே ஒரு வெள்ளத்தை நம்பித் தொண்ணூற்றொரு சதவீதம் என்று காட்டவிட்டிருக்கக் கூடாது, படித்துறையில் இருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், இதையெல்லாம் எழுத்தில் தருகிறேன் என்றார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

அதிகாரி போன பிறகு கோப்பைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். நிலோஃபர் கணினியைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீங்க காலியா விட்டிருந்தாலே போதும் சார்."

டிசம்பர் 12, வெள்ளி

மழை 0.0.

கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். பத்து வரி இல்லை, நான்கு பக்கம். 10.21 முதல் 10.40 வரையும் எழுதியிருக்கிறேன். அதை யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை.

ஜெமிமாவிடமும் போனில் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அப்பா, அன்னைக்கு நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்தது தப்பில்லையே" என்றாள். அது தப்பில்லை என்றேன். அழுதாள். அவளை எப்படித் தேற்றுவது என்று தெரியாமல், சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

டிசம்பர் 15, திங்கள்

மழை 0.0.

கடைசி நாள் என்று நினைத்துக்கொண்டுதான் மையத்துக்குப் போனேன். நிலோஃபர் 1989 பதிவேட்டையும் படிவத்தையும் மேசையில் எடுத்து வைத்திருந்தார். திருத்துவதும் நானேதான் செய்ய வேண்டும் என்றார்.

பன்னிரண்டில் பத்தை அடித்தேன். அந்தக் கட்டங்கள் இனி காலி. பதினோரு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நேராகப் புதிய அளவுகளை எழுதினேன். எட்டுப் படி வெளியே, இரண்டு படி வெளியே, அதற்குச் சமமான மீட்டர். 'பிறர் சொன்னது' என்ற கட்டத்தில் குறியிடப் போனேன். நிலோஃபர் கையை நீட்டித் தடுத்தார்.

"உங்களுக்குத்தான் சார் அது பிறர் சொன்னது. அவர் நேர்ல பார்த்தார்."

'நேரில் பார்த்தது' என்பதில் குறியிட்டேன். பார்த்தவர் பெயர் என்ற இடத்தில் மா. சுடலைமுத்து, கலாசி, ஆலங்கரை நிலையம் என்று எழுதினேன். இருபத்தைந்து வருடம் நான் பதிவேடு எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்த மனிதரின் பெயரை இன்றுதான் முதல் முறையாகப் பதிவேட்டில் எழுதுகிறேன். 'சு' கொஞ்சம் கோணலாக விழுந்தது.

டிசம்பர் 4ஆம் தேதி மழையை மறுபடி கொடுத்து மாடலை ஓட்டினார்கள். நம்பகத்தன்மை என்ற இடத்தில் இப்போது ஐம்பத்தெட்டு சதவீதம். அதன் பக்கத்தில் நிலோஃபர் புதிதாகச் சேர்த்த ஒரு வரி: படித்துறையில் ஆள் நிறுத்திக் கேட்டுக்கொள்ளவும். தண்ணீர் தெருவுக்கு வரும் நேரம் 11.10 முதல் 11.40 வரை.

துறையடித் தெருவிலிருந்து ஐந்து பேரைப் படித்துறைக் காவலுக்கு எடுக்கப் போகிறார்களாம். படி எண்ணத் தெரிந்தால் போதும்.

டிசம்பர் 19, வெள்ளி

மழை: பார்க்கவில்லை.

சுடலைமுத்து வீட்டில் பதினாறாம் நாள். விடியும்போதே போய்விட்டேன். சுவரில் என் மார்பு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. பின்னால் அந்த முருங்கை சாயாமல் நிற்கிறது. அவர் மனைவி பேச்சியம்மாளிடம் நான் போட்ட அளவையும், ஐந்து மணி என்று சொன்னதையும், டம்ளர் கழுவியதையும் சொன்னேன். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். தனியாகச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துதான் போயிருந்தேன்.

அவர் கேட்டுக்கொண்டே தரையிலிருந்த அரிசியைக் கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. முழுவதும் புரிந்தது என்றுதான் நினைக்கிறேன்.

"உங்ககிட்ட பேசி முடிச்சதும் போனை என் கையில குடுத்துட்டு ஓடுனாக. அய்யா எழுதிக்கிட்டாக, இனி பயமில்லன்னு சொன்னாக" என்றார்.

பிறகு அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். என்னைப் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. எட்டரை மணி எப்போது கடந்தது என்று தெரியாது. பந்தி முடியும் வரை வாசலில் நின்றேன்.

வீட்டுக்கு வந்தபோது மழைமானியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. எப்போது பெய்ததோ. அளக்காமல் கொட்டிவிட்டேன்.